ஆறாயிரம் ஸ்குரூ, ஒரு இடது கை

கோவையில் நான் நடத்துவது சின்ன ஃபால்ஸ் சீலிங் குழு. ஃபிட்டர்கள் இரண்டு ஜோடி, ஹெல்பர்கள் இரண்டு பேர், ஜாயின்ட் பூச ஒருவர். ஸ்குரூவைச் சரமாகக் கோத்துப் போட்டால் ஒவ்வொன்றாகத் தானே எடுத்து முடுக்கும் பேட்டரி மிஷின் ஒன்றை நாங்கள் தேர்ந்தெடுத்த விவரம் இது. வேகத்துக்காகத்தான் வாங்கப் போனோம். கடைசியில் வேகத்தை நம்பி வாங்கவில்லை. அது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சாயங்கால வெயில்

மிஷின் வாங்குவதற்கு முந்தைய வேலை, அவிநாசி ரோட்டில் ஒரு அலுவலகம். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பெயின்ட் முடிந்த அன்று காலையில் சீலிங்கைப் பார்த்தால் பால் மாதிரி இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்து கூரையை உரசிக்கொண்டு வந்ததும் வண்டவாளம் தெரிந்துவிட்டது. வரிசை வரிசையாகப் புள்ளிகள். சில இடம் குழி, சில இடம் மேடு. அலுவலகக்காரர் கோபப்படவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது டிசைனா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலே பரவாயில்லை.

புள்ளி தெரிந்த இடங்களைச் சுரண்டிப் பார்த்தோம். மூன்று விதமான தப்பு. ஒன்று, ஸ்குரூ தலை ஜிப்சம் போர்டின் மேல் பேப்பரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. இரண்டு, தலை முழுக்க உட்காராமல் வெளியே நின்றது. மேலே பட்டியை அப்பி மறைத்திருந்தார்கள். மூன்றாவதுதான் பொல்லாதது. ஸ்குரூ சரியான ஆழத்தில் இருந்தது, ஆனால் போர்டுக்கும் மேலே அதைத் தாங்கும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டமான ஜி.ஐ. செக்‌ஷனுக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி இருந்தது. அந்த இடத்தைக் கையால் தள்ளினால் போர்டு மேலே போகும், ஸ்குரூ தலை பட்டியை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

ஜிப்சம் போர்டின் பலம் பாதிக்கு மேல் பேப்பரில்தான். உள்ளே இருப்பது நகத்தால் கீறினாலே உதிர்கிற சுண்ணாம்பு மாதிரிச் சரக்கு. ஊதுகொம்பின் வாய் மாதிரி விரிந்த ஸ்குரூ தலை பேப்பரை லேசாக உள்ளே அமுக்கி, கிழிக்காமல், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பேப்பர் கிழிந்துவிட்டால் அந்த ஸ்குரூ இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பக்கத்தில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று அடிக்க வேண்டும். நாங்கள் அதுவரை பயன்படுத்தியது சாதாரண டிரில் மிஷினும் அதில் மாட்டிய, ஸ்குரூ தலையில் நுழைந்து திருகும் குட்டி பிட்டும். ஆழத்தை நிறுத்துவது ஃபிட்டரின் விரல் மட்டும்தான். காலை பத்து மணிக்கு அந்த விரல் சொன்ன பேச்சைக் கேட்கும். மாலை நான்கு மணிக்கு, நூற்று இருபதாவது ஸ்குரூவில், கேட்காது.

பையன்களில் ஒருவன் இம்பாக்ட் மிஷினில் அடிக்கலாம் என்று யோசனை சொன்னான். அது தட்டித் தட்டி முடுக்குவது. மரத்துக்கும் இரும்புக்கும் நல்லது, பேப்பருக்கு எமன். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

கணக்குப் போட்டபோது

அடுத்த வேலை 4000 சதுர அடி, ஒரே தளம், ஒற்றை அடுக்கு 12.5 மி.மீ. போர்டு. கட்டடத்தில் தற்காலிக மின்சாரம் ஒரே ஒரு இடத்தில்தான். வீல் சாரத்தை உருட்டும்போதெல்லாம் வயர் சக்கரத்தில் சிக்கும். அதனால் பேட்டரி மிஷின் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர ஸ்குரூ வேண்டுமா, ஒன்றொன்றாக மாட்டும் லூஸ் ஸ்குரூவே போதுமா என்பதுதான் கேள்வி.

போர்டு 6க்கு 4 அடி, அதாவது 24 சதுர அடி. 4000 சதுர அடிக்கு 167 போர்டு. சீலிங் செக்‌ஷன் 457 மி.மீ. இடைவெளியில் ஓடுவதால், ஆறடி நீளத்துக்கு ஐந்து செக்‌ஷன் கிடைக்கும். நடுவில் இருக்கும் மூன்றில் 230 மி.மீ.க்கு ஒன்று வீதம் ஆறாறு ஸ்குரூ. போர்டின் இரண்டு முனைகளில் 150 மி.மீ.க்கு ஒன்று வீதம் ஒன்பது ஒன்பது. ஆக 36. மொத்தம் 6012. வெட்டுத்துண்டும் வேஸ்டும் தனி.

சரமாக அடித்தால், பையிலிருந்து ஸ்குரூவை எடுத்து பிட்டில் உட்காரவைக்கும் நேரம் மிச்சம். ஒரு ஸ்குரூவுக்கு இரண்டு நொடி என்று வைத்தேன். ஒரு போர்டுக்கு 72 நொடி. 167 போர்டுக்கு மூன்று மணி இருபது நிமிடம். இரண்டு ஜோடிகளுக்குப் பங்கு போட்டால் ஜோடிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கூட இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கிற வேலையில் இது ஒரு மதியச் சாப்பாடும் ஒரு டீயும்.

எங்கள் மூத்த ஃபிட்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "மிஷின் வேகமா ஓடுமுங்க. போர்டு தூக்கறவனும் வேகமா தூக்கோணுமல்லங்க?" நியாயம்தான். ஒரு போர்டு இருபது கிலோவை ஒட்டி வரும். அதை ஏற்றி, மூலை மட்டம் பார்த்து, முட்டு கொடுத்து நிறுத்துவதற்குள் எந்த மிஷினும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

செலவும் ஏறும். சர ஸ்குரூ எப்போதும் லூஸைவிட விலை கூடுதல். ஒரு ஸ்குரூவுக்கு 50 காசு கூட என்று பிடித்தாலும் 6012க்கு மூவாயிரம் ரூபாய். மிச்சமாகும் நேரத்தின் கூலி அந்த அளவு வராது. இதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவர்கள் வேலை செய்வதை ஒரு நாள் கீழே நின்று சும்மா பார்த்தேன். ஃபிட்டரின் வலது கையில் மிஷின். இடது கை பையிலிருந்து ஸ்குரூவை எடுத்து பிட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு ஸ்குரூவை வாயில் கவ்வியிருக்கிறார். போர்டைத் தலையாலும் முட்டுக் கட்டையாலும் தாங்குகிறார்கள். சரி, ஸ்குரூ இறங்குகிற இடத்தில் போர்டை மேலே அழுத்திப் பிடிப்பது யார்? யாரும் இல்லை! அந்த மூன்றாவது தப்பு, நூல் அளவு இடைவெளி, எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஸ்குரூவின் மரை போர்டைத் தூக்கி செக்‌ஷனோடு ஒட்டாது. போர்டு தொங்கிய நிலையிலேயே மரை இரண்டையும் கடித்துக்கொள்ளும், இடைவெளி அப்படியே உறைந்துவிடும். உள்ளங்கையால் போர்டை அழுத்தி, அந்தக் கைக்குப் பக்கத்திலேயே ஸ்குரூவை இறக்கினால்தான் அது ஒட்டும்.

சர மிஷின் கொடுப்பது அந்த இடது கையை. மூவாயிரம் ரூபாய் அதற்குத்தான் என்று முடிவு செய்தேன். அதன்பிறகு எந்த மிஷினைப் பார்த்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கி அடிக்க முடியுமா என்பதுதான்.

கடையில் இருக்கும் சாதிகள்

இந்த மிஷின்கள் மூன்று வகை. சாதாரண டிரில்லின் மூக்கில் மாட்டிக்கொள்ளும் மலிவு அடாப்டர் ஒரு வகை. டிரில்லின் வேகம் இதற்குப் போதாது, மூக்கு நீண்டு ஆடுகிறது. கையில் எடுத்து ஐந்து நிமிடத்தில் கீழே வைத்துவிட்டோம்.

இரண்டாவது, பிறந்ததிலிருந்தே சர மிஷின். ஊட்டும் பகுதி மிஷினின் உடம்போடு சேர்ந்தது. மகிட்டாவின் டிஎஃப்ஆர் 550 இந்த வகை. 18 வோல்ட், நிமிடத்துக்கு 4000 சுற்று, 25 முதல் 55 மி.மீ. ஸ்குரூ வரை. மூன்றாவது, ஆழம் நிறுத்தும் மூக்கோடு கூடிய டிரைவால் (ஜிப்சம் போர்டு) ஸ்குரூ மிஷினை வாங்கி, வேண்டும்போது அதில் சரத்தை ஊட்டும் மாகசினைச் செருகிக்கொள்வது. டிவால்ட் டிசிஎஃப் 620 (4400 சுற்று), ஹில்டி எஸ்டி 5000-ஏ22 (பெயரிலேயே இருக்கிறது, 5000 சுற்று, மாகசின் எஸ்எம்டி 57), பாஷின் எம்ஏ 55 மாகசின் பொருந்தும் மிஷின்கள், மில்வாக்கியின் எம்18 ஃப்யூயல், ஃபெஸ்டூலின் டிடபிள்யூசி 18 எல்லாம் இந்தப் பக்கம்.

விற்பனையாளர் எல்லாரும் முதலில் சொல்வது சுற்றுக் கணக்கு. அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். 25 மி.மீ. ஸ்குரூ இறங்க ஒரு இருபது சுற்று என்று வைத்துக்கொள்வோம். 4000 சுற்று மிஷினில் 0.30 நொடி. 5000 சுற்றில் 0.24 நொடி. ஆறாயிரம் ஸ்குரூவுக்கும் சேர்த்து வித்தியாசம் ஆறு நிமிடம். இதற்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம். வேகம் கூடுதலாக இருப்பது சில இடத்தில் பாதகம் கூட: கதவுச் சட்டம் வரும் இடத்தில் தடித்த இரும்பு இருந்தால் துளையிடும் முனை கொண்ட ஸ்குரூ வேண்டும், அதை 4000க்கு மேல் சுற்றினால் முனை சூடேறி மழுங்கிவிடும். ஃபெஸ்டூல் அந்த மிஷினை 2500, 4500 என்று இரண்டு வேகத்தில் தனித்தனியாக விற்பது சும்மா இல்லை.

இன்னொரு குழப்பம் வோல்ட். ஒரே அளவு பேட்டரியை ஒரு கம்பெனி 18 என்கிறது, இன்னொன்று 20 மேக்ஸ் என்கிறது. உள்ளே இரண்டிலும் வரிசையாக ஐந்து செல்தான். ஒரு செல் 3.6 என்று கணக்குப் போட்டால் 18, சார்ஜ் முழுக்க ஏறியவுடன் 4 என்று அளந்தால் 20. பலத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

குடோனில் இரண்டு நாள்

ஒரு டீலர் டெமோவுக்கு மாகசின் வகையைக் கொண்டுவந்தார். உடம்போடு சேர்ந்த வகை ஒன்றைத் தெரிந்த கான்ட்ராக்டரிடம் இரவல் வாங்கினேன். குடோனில் உத்தரத்திலிருந்து ஆறு செக்‌ஷன் தொங்கவிட்டு, மிச்சம் விழுந்த போர்டுகளை ஏற்றி, நான்கு ஃபிட்டர்களையும் ஆளுக்கு இரண்டு சரம் அடிக்கச் சொன்னேன். ஒரு சரத்தில் 50 ஸ்குரூ, ஆளுக்கு நூறு. முடித்ததும் விளக்கை அணைத்து, டார்ச்சைப் போர்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். அவிநாசி ரோட்டு வெயிலை அப்படி டார்ச்சில் பிடித்துவைத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

முதல் சரத்தில் எல்லாருக்கும் சொதப்பல். காரணம் ஒன்றே. இந்த மிஷின் மூக்கை முழுக்க அழுத்தி, முழுக்க விட்டால்தான் அடுத்த ஸ்குரூவை நகர்த்தும். டிரில் பழக்கத்தில் பாதி அழுத்தி நிறுத்தினால் ஸ்குரூ பாதியில் நிற்கும், அல்லது அடுத்தது வராமல் பிட் வெறும் போர்டைக் குத்தும். இரண்டாவது சரத்தில் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு மட்டும் இன்னும் இரண்டு சரம் கொடுத்தேன், நான்காவதில்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு அவர் போர்டில்தான் எல்லாப் புள்ளியும் ஒரே ஆழம். பையன்கள் இதற்கு வைத்த பெயர் சரவெடி. அந்தச் சத்தத்துக்கும் கீழே சிதறும் பிளாஸ்டிக் பட்டைக்கும் பொருத்தமான பெயர்தான்.

எடையில் பேட்டரிதான் பெரிய ஆள். 5 ஆம்பியர்-மணி பேட்டரி, 2 ஆம்பியர்-மணியைவிடக் கால் கிலோ போலக் கூடுதல். கீழே வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. தலைக்கு மேல் ஒற்றைக் கையில் தூக்கினால் அரை மணியில் தோள் சொல்லிவிடும். மிஷின் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு இல்லை. மூக்கை அழுத்தினால் மட்டும் மோட்டார் ஓடும் வசதி இருந்தால் இன்னும் குறைவு. அதனால் சின்ன பேட்டரி நான்கு, மாற்றி மாற்றி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இரண்டு வகைகளுக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னது சுவர் ஓரம். சீலிங்கைச் சுற்றிச் சுவரோடு ஓடும் இரும்புச் சேனலில் ஸ்குரூ பிடிக்கும் விளிம்பு ஓர் அங்குலத்தை ஒட்டித்தான். போர்டின் ஓரத்திலிருந்து 10 மி.மீ., வெட்டிய ஓரமாக இருந்தால் 13 மி.மீ., விட்டுத்தான் ஸ்குரூ அடிக்க வேண்டும். மிச்சம் இருக்கும் அகலம் ஒரு விரல். அந்த விரலகலத்துக்குள் சர மூக்கை நுழைத்தால் ஊட்டும் பகுதி சுவரில் இடிக்கிறது. மிஷினைச் சாய்த்தால் போகும். சாய்த்தால் ஸ்குரூவும் சாயும், தலையின் ஒரு பக்கம் பேப்பரைக் கிழிக்கும். மாகசின் வகையில் மாகசினை உருவிவிட்டு, சின்ன மூக்கை மாட்டி, லூஸ் ஸ்குரூவை வைத்து நேராக அடிக்கலாம். சேர்ந்த வகைக்காரர் ஓரத்துக்கென்று இன்னொரு மிஷினைச் சாரத்தில் ஏற்ற வேண்டும். பெரிய குழுவுக்கு அது சிக்கல் இல்லை. ஓரத்துக்கு ஒருவர், நடுவுக்கு ஒருவர் என்று விடலாம். மூக்கு ஆடாமல் கெட்டியாக இருப்பதும் அந்த வகையில்தான். எனக்கு இருப்பது இரண்டு ஜோடி.

சரம் எங்கே கிடைக்கும்

டெமோ முடிந்து, விலை பேசி, முன்பணம் கொடுக்கும் நேரத்தில்தான் கேட்டேன். "நாளைக்கே எட்டு டப்பா சரம் வேணும்னா கிடைக்குமா?" டப்பாவுக்கு ஆயிரம் ஸ்குரூ, அதாவது இருபது சரம். எங்களுக்கு ஏழு டப்பா கண்டிப்பாக வேண்டும். டீலர் முகத்தைத் தடவிக்கொண்டார். ஆர்டர் போட்டால் பத்து நாளில் வரும் என்றார்.

பத்து நாள் என்றால் வேலையே முடிந்துவிடும். லூஸ் ஸ்குரூ காந்திபுரத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சரம் அப்படி இல்லை. பார்க்க எல்லாச் சரமும் ஒன்று போலத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கம்பெனி சரம் இன்னொரு மாகசினில் வழுக்காமல் ஓடும் என்று நம்ப முடியாது. அன்று முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பினேன். டாக்டர் நஞ்சப்பா சாலைப் பக்கம் கடை கடையாக ஏறி, யாரிடம் 25 மி.மீ. நுண்மரை சரம் கையிருப்பில் இருக்கிறது, மாதாமாதம் எடுத்தால் வைத்திருப்பார்களா என்று கேட்டேன். இரண்டு கடை தேறியது. அவர்களிடம் வேறு வேறு கம்பெனி சரத்தில் ஒவ்வொரு டப்பா வாங்கிவந்து, மறுபடி டெமோ மிஷினில் ஓட்டி, இரண்டும் சிக்காமல் ஓடுகிறது என்று தெரிந்தபிறகுதான் மிஷின் வாங்கினோம். மிஷினை வாங்கிவிட்டுச் சரம் தேடியிருந்தால் அலமாரிக்குத்தான் அழகு சேர்த்திருக்கும்.

எந்தக் கம்பெனி என்று எழுதாமல் விடுகிறேன். எங்களிடம் ஏற்கெனவே ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில் இரண்டும் சின்ன பேட்டரிகளும் இருந்தன. மாகசின் வகைகளுக்குள் போட்டி வந்தபோது, அந்த பேட்டரி பொருந்தும் மிஷினை, பேட்டரி இல்லாமல் வெறும் உடம்பாக வாங்கினோம். உங்கள் வீட்டில் வேறு பேட்டரி இருந்தால் உங்கள் முடிவும் வேறாக இருக்கும்.

சைட்டில்

முதல் நாள் நன்றாகப் போயிற்று. இரண்டாம் நாள் மதியம் சரம் சிக்க ஆரம்பித்தது. மிஷினைத் திட்டிக்கொண்டே பிரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தப்பு எங்களுடையது. மீதி டப்பாக்களை வேனிலேயே விட்டிருந்தோம், சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பட்டை வளைந்துவிட்டது. வளைந்த சரம் மாகசினில் நேராக ஏறாது. அதையெல்லாம் ஒவ்வொரு ஸ்குரூவாகப் பிடுங்கி ஓரத்து வேலைக்கு லூஸாகப் பயன்படுத்தினோம். டப்பா இப்போது நிழலில், தட்டையாக.

நான்காம் நாள் ஸ்குரூ தலைகள் வெளியே நிற்க ஆரம்பித்தன. ஆழம் திருகும் சக்கரத்தை இரண்டு கிளிக் ஏற்றியும் சரியாகவில்லை. பிட் தேய்ந்திருந்தது. இந்த மிஷினுக்கு நீளமான தனி பிட். பக்கத்துக் கடையில் சாதாரண குட்டி பிட்தான் கிடைத்தது. அரை நாள் மாகசின் இல்லாமல் லூஸ் ஸ்குரூவில் ஓட்டினோம். மூவாயிரம் ரூபாய் கணக்குப் பார்த்தவனுக்கு அறுபது எழுபது ரூபாய்ச் சாமானை முன்கூட்டி வாங்கிவைக்கத் தோன்றவில்லை.

மாகசின் தடத்தில் ஜிப்சம் தூள் படியும். ஹெல்பர் ஒருவர் நல்லெண்ணத்தில் எண்ணெய் விட்டுவிட்டார். தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாயிற்று. துடைத்துக் காயவைத்து, அதிலிருந்து வெறும் காற்று மட்டும்தான், டீக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு ஊது. ஸ்குரூ அடிக்கும் வரிசையையும் மாற்றினோம். முன்பு நான்கு மூலையையும் பிடித்துவிட்டு நடுவுக்கு வருவார்கள், நடுவில் போர்டு தொப்பை போட்டு நிற்கும். இப்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்கு. இதற்குப் புது மிஷினே தேவையில்லை, இத்தனை நாள் செய்யாமல் விட்டது எங்கள் சோம்பல்.

ஜாயின்ட் பூசுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தளம் முழுக்க நடந்தோம். தப்பான ஸ்குரூ இருந்தது. பெரும்பாலும் சுவர் ஓரத்தில், லூஸாக அடித்த இடங்களிலும், பிட் தேய்ந்த அந்த நான்காம் நாள் போர்டுகளிலும். நடுப்பகுதியில் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நூல் இடைவெளி எங்கும் தட்டுப்படவில்லை. மூத்த ஃபிட்டரிடம் சரவெடி எப்படி என்று கேட்டேன். "வாய் சும்மா இருக்குதுங்க, அதான் ஒரே பேச்சு," என்றார். ஸ்குரூ கவ்வாத வாய்க்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

அடுத்தது ஒரு கிளினிக், இரட்டைப் போர்டு பார்ட்டிஷன். முதல் அடுக்குக்கு 25 மி.மீ., மேல் அடுக்குக்கு 35 மி.மீ. சரம் சொல்லியாயிற்று. நீள பிட் ஆறு.